கேமரா பேட்டரி மக்கர் செய்தால்: கம்பெனி பேட்டரியா, வெளி பேட்டரியா என்று அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்க

சந்தையில் கேமரா பேட்டரி மூன்று விதம். கேனான், நிக்கான், சோனி தங்கள் பெயரில் விற்பது கம்பெனி பேட்டரி. வேறொரு நிறுவனம் தன் பெயரையே போட்டு, ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று விற்பது வெளி பேட்டரி. கேனான் என்று அச்சடித்து, கேனான் செய்யாதது போலி. மதுரையில் டவுன்ஹால் ரோட்டில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, முதல் இரண்டுக்கும் இடையில்தான் தேர்வு. போலியை எந்த விலைக்கும் தொடவேண்டாம். வெளி பேட்டரியில் கோளாறு வந்தால் கேட்பதற்கு உறையில் ஒரு பெயராவது இருக்கிறது. போலியில் அதுவும் கிடையாது.

விலையை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உறையில் கொள்ளளவு என்று போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணில் இல்லை, உள்ளே இருக்கிறது. டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் பேட்டரி பெரும்பாலானவற்றில் இரண்டு லித்தியம்-அயன் செல் வரிசையாக இணைந்திருக்கும். செல் ஒன்றுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட். அதனால்தான் உறையில் 7.2 அல்லது 7.4 என்று இருக்கிறது. சார்ஜ் முழுவதும் ஏறினால் 8.4 வோல்ட். செல்களோடு ஒரு சின்ன போர்டு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும், அடியோடு இறங்காமலும், ஷார்ட் ஆனால் துண்டிக்கவும் அதுதான் காவல். கேமராவிடம் ‘நான் இன்ன பேட்டரி, இத்தனை சதவீதம் மிச்சம்’ என்று சொல்வதும் அந்த போர்டில் உள்ள சிப்தான். கீழே வரும் கோளாறுகளில் பாதி செல்லால் வருவது, பாதி போர்டால் வருவது. எது எதனால் என்று பிரித்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரியும்.

சோதிக்க வேண்டியவை: டிசி 20 வோல்ட் ரேஞ்ச் உள்ள சாதாரண மல்ட்டிமீட்டர், பென்சில் ரப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காதுக்குடையும் பஞ்சுக்குச்சி, சமையலறை டிஜிட்டல் தராசு. இவற்றைவிட முக்கியம், நல்ல நிலையில் உள்ள ஒரு கம்பெனி பேட்டரி. அதை வேலைக்கு எடுக்காவிட்டாலும் அளவுகோலாக வைத்திருக்கவேண்டும். மற்ற எந்த பேட்டரியையும் அதோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும். அது இல்லாமல் ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்பது வெறும் ஊகம்.

கேமரா ஆன் ஆகவே இல்லை

பேட்டரியைக் குறை சொல்லுமுன் பேட்டரி மூடியைப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்ன முளை இருக்கும். மூடி முழுதாகச் சாத்தினால்தான் அது உள்ளே உள்ள சுவிட்சை அழுத்தும். முளை உடைந்திருந்தாலோ மூடி அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலோ கேமரா செத்ததுபோல் இருக்கும். வெளி பேட்டரியின் உறை கொஞ்சம் நீளமாக வார்க்கப்பட்டிருந்தால் மூடி இப்படித் தூக்கும். பேட்டரிப் பூட்டு ‘டிக்’ என்று விழுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து முனைகள். கல்யாண வேலையில் விபூதி, குங்குமம், மஞ்சள் தூள், கை வியர்வை. வாடிவாசல் பக்கம் நின்றால் புழுதி. எல்லாம் பேட்டரி மாற்றும் அந்த ஐந்து விநாடியில் முனையில் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் முனை வெளியே தெரிந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டுங்கள். முனை பள்ளத்துக்குள் இருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி போதும். கேமராவுக்குள் இருக்கும் முனைகள் ஸ்பிரிங் மேல் நிற்பவை. அவற்றில் ரப்பர் வேண்டாம், பஞ்சுக்குச்சி மட்டும். ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள்.

இன்னும் ஆன் ஆகவில்லை என்றால் மல்ட்டிமீட்டர். பிளஸ், மைனஸ் உறையிலேயே குறித்திருக்கும். இரண்டு ஊசிமுனையும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8.2க்கு மேல் காட்டினால் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. பேச்சுவார்த்தையில்தான் கோளாறு, அடுத்த அறிகுறிக்குப் போங்கள். 6 வோல்ட்டுக்குக் கீழே என்றால் அடியோடு இறங்கிவிட்டது. சுழியம் காட்டினால் இரண்டில் ஒன்று: போர்டு காவலுக்காகத் துண்டித்திருக்கிறது, அல்லது போர்டே போய்விட்டது. சார்ஜரில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். துண்டித்திருந்த போர்டு சார்ஜர் மின்சாரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் அந்தப் பேட்டரியை விட்டுவிடுங்கள். நேராக ஒயர் கொடுத்து ‘எழுப்பும்’ வித்தை யூடியூபில் நிறைய கிடைக்கிறது. பல மாதம் அடியோடு இறங்கிக் கிடந்த லித்தியம் செல்லுக்குள் செம்பு கரைந்து, உள்ளேயே ஷார்ட் ஆக வழி வைத்திருக்கலாம். எழுப்பியது பிறகு சார்ஜ் போட்டிருக்கும்போது எரியும்.

‘இந்தப் பேட்டரியைப் பயன்படுத்த முடியாது’ என்று செய்தி வருகிறது

இது போர்டு சார்ந்தது. கேனான் புது கேமரா உடல்களில் பேட்டரியோடு தொடர்பு சரியில்லை என்று சொல்லி, அதில் கேனான் முத்திரை இருக்கிறதா என்று கேட்கும். வெளி பேட்டரி என்று தெரிந்தே போட்டிருந்தால் தொடரச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சதவீதக் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். கேனான் என்று எழுதியிருக்கும் பேட்டரிக்கே இந்தக் கேள்வி வந்தால், முனையை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துடைத்தபிறகும் வந்தால் கையில் இருப்பது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நிக்கானும் சோனியும் இவ்வளவு பொறுமை காட்டமாட்டா. பொருந்தாத பேட்டரி என்று சொல்லிக் கேமராவை நிறுத்திவிடும்.

நேற்றுவரை ஓடிய வெளி பேட்டரி இன்று ஏற்கவில்லை என்றால் இடையில் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்டீர்களா என்று யோசியுங்கள். 2013இல் நிக்கான் டி3200, டி5100 போன்ற உடல்களுக்கு விட்ட அப்டேட்டுக்குப் பிறகு வெளி நிறுவனங்களின் இஎன்-இஎல்14 பேட்டரிகள் பல ஏற்கப்படாமல் போயின. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவது பெரும்பாலான கேமராக்களில் நடக்காது. ஆகவே வெளி பேட்டரியை நம்பித் தொழில் செய்பவர்கள் முகூர்த்த சீசன் நடுவில் அப்டேட் போடக்கூடாது. போட்டே ஆகவேண்டும் என்றால் வேலை இல்லாத ஆடி மாதத்தில் போட்டு, கையில் உள்ள எல்லாப் பேட்டரியையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

வாங்கும்போது ‘டிகோடட்’ என்று சொல்வார்கள். கேமரா கேட்கும் கேள்விக்கு பதில் சொல்லும் சிப் இருக்கிறது என்று பொருள். அந்த வார்த்தையை நம்பாமல் கேமராவைக் கையோடு எடுத்துப்போய் மெனுவில் பேட்டரி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்பி-இ6 வகை பேட்டரி போடும் கேனான் உடல்களில் அந்தப் பக்கத்தில் சார்ஜ் சதவீதம், எடுத்த படங்களின் எண்ணிக்கை, மூன்று கட்டமாக ரீசார்ஜ் திறன் எல்லாம் வரும். நிக்கானில் சதவீதமும், 0 முதல் 4 வரை பேட்டரியின் வயதும் வரும். 0 புதிது, 4 மாற்றவேண்டியது. புது வெளி பேட்டரி அங்கே வெறும் கோட்டைக் காட்டினால் சிப் பேசவில்லை.

முழுச் சார்ஜ் காட்டுகிறது, பத்து படத்தில் அணைந்துவிடுகிறது

அதிகம் பேர் படும் தொல்லை இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மாலை மாற்றும் நேரம், பர்ஸ்டில், அதாவது தொடர்ந்து படபடவென்று, தட்டுகிறீர்கள், கேமரா சட்டென்று அணைகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி பாதிக்கு மேல் சார்ஜ் காட்டுகிறது. பேட்டரியில் மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது. கேட்ட வேகத்தில் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை, அதாவது மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை, உண்டு. கேமரா சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் குறைவு. மிரர் தூக்கி, ஷட்டர் சுற்றி, 70-200 லென்ஸின் மோட்டாரை ஓட்டி, ஸ்டெபிலைசரும் இயங்கும்போது ஒரு கணத்துக்கு ஆம்பியர் கணக்கில் இழுக்கும். உள்தடை அதிகமான செல்லில் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரியும். ஆறு, ஆறரை வோல்ட் வாக்கில் கேமரா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அந்த எல்லை மாடலுக்கு மாடல் மாறும். சுமை போனதும் வோல்ட்டேஜ் மீண்டும் ஏறிக்கொள்ளும். வயதான கம்பெனி பேட்டரியும் இப்படிச் செய்யும், மட்டமான செல் போட்ட வெளி பேட்டரி புதிதிலேயே செய்யும்.

பிரித்தறிய இப்படிச் செய்யுங்கள்.

1. சந்தேகப் பேட்டரியையும் அளவுகோல் பேட்டரியையும் ஒரே சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்.
2. இரண்டையும் அளந்து எழுதுங்கள். 8.3 முதல் 8.4 வரை இருக்கவேண்டும். 8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் முழுதாக ஏறவே இல்லை. சார்ஜர் பகுதிக்குப் போங்கள்.
3. அதே லென்ஸ், அதே செட்டிங். தொடர் ஆட்டோஃபோகஸ், வேகமான பர்ஸ்ட், ஒவ்வொரு முறையும் 30 படம், இடையில் 20 விநாடி ஓய்வு. பத்து முறை.
4. சந்தேகப் பேட்டரி இடையில் அணைந்து, அளவுகோல் பேட்டரி தாங்கினால் செல் போய்விட்டது. இரண்டிலும் அணைந்தால் கேமராவின் முனை, லென்ஸ், போர்டு என்று தேடவேண்டும். லென்ஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்றால் லென்ஸ் மோட்டார்தான் இழுக்கிறதா என்று தெரியும்.

இந்தச் சோதனையில் தோற்ற வெளி பேட்டரியைத் தூக்கி எறியவேண்டியதில்லை. பர்ஸ்ட் இல்லாத வேலைக்கு, உதாரணமாகப் பெண்ணழைப்பில் நிதானமாகக் குடும்பப் படம் எடுக்கும் இரண்டாவது கேமராவுக்கு, அது இன்னும் சில மாதம் ஓடும். அலங்காநல்லூருக்கு மட்டும் எடுத்துப்போகவேண்டாம். மாடு வாடிவாசலைத் தாண்டிப் பாயும் மூன்று விநாடிக்குள் ஆஃப் செய்து ஆன் செய்ய நேரமில்லை.

சதவீதம் தாவுகிறது: 100, 100, 100, பிறகு சிவப்பு

இது செல் கோளாறு இல்லை. சிப் கணக்குச் சொல்லாத பேட்டரியில் கேமரா வோல்ட்டேஜை மட்டும் வைத்து ஊகிக்கும். லித்தியம் செல்லின் வோல்ட்டேஜ் நடுவில் நெடுநேரம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும், கடைசியில் மடமடவென்று விழும். ஊகமும் அப்படியே விழுகிறது. படங்களின் எண்ணிக்கை சரியாக வந்தால் பயன்படுத்தலாம். சிவப்புக்குக் காத்திருக்காமல், ஒரு பேட்டரிக்கு எத்தனை படம் என்று எழுதிவைத்து, அதில் முக்கால் பங்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

ராத்திரி முழுதாக வைத்தது, காலையில் பாதி

காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு இதைவிடக் கெட்ட செய்தி இல்லை. தின்றது பேட்டரியா, கேமராவா என்று முதலில் பிரியுங்கள். பேட்டரியை முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து, கேமராவுக்கு வெளியே ஒரு வாரம் அலமாரியில் வையுங்கள். 8.2க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. லித்தியம்-அயன் செல் தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம்தான். 8க்குக் கீழே போனால் செல்லோ போர்டோ உள்ளே ஒழுகவிடுகிறது. இப்படிக் கசியும் பேட்டரியை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

பேட்டரி நின்றது, கேமராவில்தான் இறங்குகிறது என்றால் புளூடூத், வைஃபை, ஜிபிஎஸ் மூன்றையும் அணையுங்கள். கேமரா ஆஃபில் இருக்கும்போதும் போனோடு தொடர்பில் இருக்கும்படி சில மாடல்களில் அமைப்பு இருக்கிறது. பைக்குள் ஷட்டர் பட்டன் அழுந்தியபடி இருந்தால் கேமரா தூங்கவே தூங்காது. இதற்கெல்லாம் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

சார்ஜர் விளக்கு வேகமாகத் துடிக்கிறது, ஏறவில்லை

கேனான் எல்சி-இ6 சார்ஜரில் ஆரஞ்சு விளக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று துடித்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். மூன்று தடவை என்றால் 75 சதவீதம் தாண்டிவிட்டது, பச்சை என்றால் நிறைந்தது. காலியான எல்பி-இ6 நிறைய சுமார் இரண்டரை மணி நேரம். நிக்கான் எம்ஹெச்-25இல் நிதானமாகத் துடித்தால் ஏறுகிறது, அணையாமல் நின்றால் நிறைந்தது. இதை விட்டுப் படபடவென்று துடித்தால் சார்ஜர் மறுக்கிறது.

மதுரையில் மறுப்புக்கு முதல் காரணம் வெயில். இந்த சார்ஜர்கள் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. சித்திரை, வைகாசியில் வெளி வெப்பமே 40ஐத் தொடும்போது, மொட்டைமாடி அறையிலும் மேற்குச் சன்னலோரத்திலும் அதைத் தாண்டிவிடும். படம் எடுத்துச் சூடாக இருக்கும் பேட்டரியை நேராக சார்ஜரில் போட்டாலும் இதே கதை. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடந்த பேட்டரி இன்னும் மோசம். நிக்கான் பேட்டரி 60 டிகிரியைத் தாண்டியிருந்தால் சார்ஜே ஏறாது. ஃபேன் காற்றில் அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். ஈரத்துணியோ ஃப்ரிட்ஜோ வேண்டாம், முனையில் நீர்த்துளி கோத்துக்கொள்ளும்.

ஆறிய பிறகும் துடித்தால் பேட்டரியையும் சார்ஜரையும் மாற்றி மாற்றிப் போட்டு நான்கு சேர்க்கையையும் பாருங்கள். கம்பெனி சார்ஜர் வெளி பேட்டரியை மறுத்து, வெளி பேட்டரியோடு வந்த யூஎஸ்பி சார்ஜர் அதை ஏற்றினால், பேட்டரியின் சிப் கம்பெனி சார்ஜருக்கு பதில் சொல்லவில்லை. அது ஓடும். ஆனால் பயணத்தில் இரண்டு சார்ஜர் சுமக்கவேண்டும். தலைகீழாக, வெளி சார்ஜரில் மட்டும் கம்பெனி பேட்டரி முழுதாக ஏறவில்லை என்றால் அந்த யூஎஸ்பி சார்ஜருக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. இரட்டைப் பேட்டரி யூஎஸ்பி சார்ஜர்கள் பெரும்பாலும் 5 வோல்ட், 2 ஆம்பியர் கேட்பவை. பழைய போன் அடாப்டரில் செருகினால் ராத்திரி முழுதும் கிடந்தும் நிறையாது. ஒரு சார்ஜரில் எந்தப் பேட்டரி போட்டாலும் துடிக்கிறது என்றால் சார்ஜர் போய்விட்டது. ஜெனரேட்டரில் ஓடும் மண்டபங்களில் மின்னழுத்தம் எகிறும்போது முதலில் போவது இவைதான்.

கேமராவுக்குள்ளேயே யூஎஸ்பியில் ஏறவில்லை

பல நேரம் இது கோளாறே இல்லை. இஎன்-இஎல்15 வகை போடும் நிக்கான் இசட் உடல்களில் இஎன்-இஎல்15பி, 15சி மட்டும்தான் உள்ளேயே ஏறும். எழுத்தில்லாத 15உம் 15ஏ-யும் ஏறாது. கேனான் ஆர்5, ஆர்6இல் எல்பி-இ6என், எல்பி-இ6என்ஹெச் ஏறும், பழைய எல்பி-இ6 ஏறாது. அதுவும் யூஎஸ்பி பவர் டெலிவரி கொடுக்கும் அடாப்டர் இருந்தால்தான். வெளி பேட்டரியின் சிப் தன்னைப் பழைய மாடலாக அறிமுகம் செய்துகொண்டால் அதுவும் ஏறாது. பேருந்திலும் ரயிலிலும் பவர்பேங்கை நம்பி ஓடுபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பெனி பேட்டரி வாங்கலாம்.

பர்ஸ்ட் வேகம் குறைந்துவிட்டது

ஆர்5, ஆர்6இல் மெக்கானிக்கல் ஷட்டரின் உச்ச வேகமான விநாடிக்கு 12 படம் கிடைக்க எல்பி-இ6என்ஹெச் பேட்டரியும் போதிய சார்ஜும் வேண்டும். பழைய வகைப் பேட்டரியோ, குறைந்த சார்ஜோ இருந்தால் கேமரா தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2024இல் வந்த ஆர்5 மார்க் 2க்கு எல்பி-இ6பி என்று தனி வகை. பழையது உள்ளே பொருந்தினாலும் எல்லா வேலையும் செய்யாது. வெளி பேட்டரி வாங்கும்போது ‘எல்பி-இ6 ஃபேமிலி எல்லாத்துக்கும் ஆகும்’ என்றால் எந்த எழுத்துக்கு ஈடாக என்று கேளுங்கள்.

பேட்டரி வீங்கி உள்ளே மாட்டிக்கொண்டது

இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

கேமராவை ஆஃப் செய்து, சார்ஜர் ஒயர் இருந்தால் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து பூட்டை ஒதுக்கி, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால், நல்ல ஒட்டும் துணி டேப்பில் ஒரு விரல் நீளம் வெட்டி, பேட்டரியின் தெரியும் முகத்தில் அழுத்தி ஒட்டி, நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவர், கத்தி, இடுக்கி எதுவும் வேண்டாம். உறைக்கு அடுத்து செல் இருக்கிறது. அதைக் குத்தினால் கேமராவுக்குள்ளேயே தீப்பிடிக்கும். டேப்புக்கும் வரவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான், அடிப்பகுதியைக் கழற்றி எடுப்பார்கள். வெளி நிறுவனப் பேட்டரியால் வந்த சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கேமரா கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. செலவு உங்களுடையது.

எடுத்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட டப்பாவில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டி அழுத்தும்போது எரியும். பயன்பட்ட பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. மின்கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

வீக்கம் கண்ணுக்குத் தெரியும்முன்பே கண்டுபிடிக்கலாம். பேட்டரியைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் சுழற்றுங்கள். தட்டையாக இருந்தால் உராய்ந்து நிற்கும், வீங்கத் தொடங்கியிருந்தால் பம்பரம்போல் சுற்றும். மாதம் ஒருமுறை எல்லாப் பேட்டரிக்கும் செய்ய இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கொடைக்கானலில் மட்டும் சார்ஜ் நிற்கவில்லை

குளிரில் உள்தடை ஏறும், வேறொன்றுமில்லை. மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடல் சூட்டில் வைத்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். கீழே வத்தலக்குண்டு வந்ததும் சரியாகிவிடும்.

கிரிப்பில் இரண்டு பேட்டரி, டம்மி பேட்டரி

கேமராவின் அடியில் மாட்டும் கிரிப்பில் ஒரு கம்பெனி, ஒரு வெளி என்று கலக்கவேண்டாம். இரண்டின் வோல்ட்டேஜும் ஒரே சீராக இறங்காது, காட்டும் கணக்கு பொய்க்கும், சில உடல்கள் இரண்டில் ஒன்றை ஏற்காமல் நிற்கும். ஒரே ரகம், ஒரே நாளில் வாங்கியது, ‘அ’, ‘ஆ’ என்று மார்க்கரில் எழுதி ஜோடியாகவே வைத்திருங்கள்.

கல்யாண நேரலைக்கு டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் செருகி, ஒயர் வழியே மின்சாரம் கொடுப்பது) போடுபவர்களுக்குக் கேமரா நடுவில் அணைந்தால், யூஎஸ்பியில் ஓடும் டம்மியின் ஒயரைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். கேனானின் சொந்த அடாப்டர் எல்பி-இ6 உடல்களுக்கு 8 வோல்ட் கொடுக்கிறது. 5 வோல்ட்டை உள்ளேயே உயர்த்தும் மலிவான டம்மியில் சுமை ஏறினால் அந்த வோல்ட்டேஜ் நிற்காது. நீள ஒயர் சுற்றி விட்டிருந்தால் இன்னும் சரியும்.

புதிதாக வாங்கியதும் செய்யவேண்டிய சோதனை

தராசில் வையுங்கள். எல்பி-இ6என் சுமார் 80 கிராம், சோனி என்பி-எஃப்இசட்100 சுமார் 83 கிராம். வெளி பேட்டரி 10 கிராமுக்கு மேல் குறைந்தால் உள்ளே செல் சின்னது. எம்ஏஎச் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எடை பொய் சொல்லாது. கேனானே எல்பி-இ6இல் 1800இல் தொடங்கி, என்-இல் 1865, என்ஹெச்-இல் 2130 என்று படிப்படியாகத்தான் ஏற்றியது. அதே உறைக்குள் 3000 என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்து பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்றும், ‘ஆர்’ எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வரும். உறையில் உள்ள பெயரும் செயலியில் வரும் விவரமும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கம்பெனி பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றாலும் இதே சோதனை.

கடைசியாக ஓட்டச் சோதனை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஆட்டோஃபோகஸ் அணைத்து, 1080 வீடியோ, திரை ஒரே வெளிச்சத்தில். முழுச் சார்ஜிலிருந்து அணையும்வரை நேரம் எடுங்கள். 30 நிமிடத்தில் தானாக நிற்கும் உடல் என்றால் உடனே மறுபடி தொடங்குங்கள். அளவுகோல் பேட்டரிக்கும் அப்படியே. அது எல்பி-இ6என், 110 நிமிடம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ‘2600’ என்று எழுதிய வெளி பேட்டரி 95 நிமிடம் ஓடினால் உண்மையான கொள்ளளவு 1865 × 95 ÷ 110, அதாவது சுமார் 1610. இது மோசமில்லை. எழுதியிருந்த எண்தான் மோசம். அளவுகோலில் 70 சதவீதம்கூட ஓடாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் திருப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யவேண்டும் என்பதால் சீசனுக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள்.

எந்த வேலைக்கு எது

பர்ஸ்ட், பெரிய டெலி லென்ஸ், நீண்ட 4கே வீடியோ, கேமராவுக்குள் சார்ஜ், இவற்றுக்குக் கம்பெனி பேட்டரி. கேமரா வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, உத்தரவாதம் ஓடுகிறது என்றாலும் அதுவே. ரிசப்ஷன் மேடையில் நின்று எடுக்கும் படம், இரண்டாவது உடல், 1500டி போன்ற எளிய உடல்களின் எல்பி-இ10, கற்றுக்கொள்பவர் கேமரா, இவற்றுக்கு மேலே உள்ள சோதனைகளில் தேறிய வெளி பேட்டரி தாராளமாகப் போதும். பெரும்பாலும் கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைக்கும். ஆனால் வெளி பேட்டரியின் ஆயுள் குறைவு என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்பிடவேண்டும். நல்ல லித்தியம் செல் 300 முதல் 500 சார்ஜ் தாங்கும். மட்டமான செல் பாதியிலேயே படுத்துவிடும்.

அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரிபோல், மாலை கிளம்பி விடியும்வரை வைகைக்கரைக் கூட்டத்தில் பிளக் கிடைக்காத வேலைக்கு ஒரு கலவை: டிஎஸ்எல்ஆர் என்றால் கம்பெனி இரண்டு, வெளி இரண்டு. மிரர்லெஸ் என்றால் இன்னும் இரண்டு. இரவு முழுதும் சாமி வருகைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெளி பேட்டரியைத் தின்னவிடுங்கள். பொழுது விடியும்போது, குதிரை தண்ணீரைத் தொடும்முன், முழுச் சார்ஜில் உள்ள கம்பெனி பேட்டரிக்கு மாறிவிடுங்கள். தீர்ந்ததை இடது பையில், நிறைந்ததை வலது பையில் வையுங்கள். முனை மூடி தொலைந்துபோனால் பாக்கு உறை போன்ற சின்ன பிளாஸ்டிக் பைக்குள் தனித்தனியாகப் போடுங்கள். சில்லறையும் சாவியும் இருக்கும் பைக்குள் வெறும் பேட்டரி போகக்கூடாது, இரண்டு முனையையும் சாவி தொட்டால் தொடை சுடும்.

சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் பாதிச் சார்ஜில் வைத்து, சமையலறைக்குத் தள்ளி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, 7.4 வோல்ட்டுக்குக் கீழே போனதை மட்டும் ஒரு அரை மணி நேரம் ஏற்றுங்கள்.